மலைமாட்டுக்குப் புல்லும் வேண்டும், வம்சக் கணக்கும் வேண்டும்

கம்பம் பள்ளத்தாக்கு என்றவுடன் வெளியூரார் நினைவுக்கு வருவது முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் 14,707 ஏக்கர் இருபோக நெல்லும், பன்னீர் திராட்சைப் பந்தலும், வாழையும் தென்னையுமே. இந்தப் பயிர்களுக்கெல்லாம் காலங்காலமாக எரு கொடுத்து வந்த மலைமாடுகளைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அறுவடை முடிந்த வயலில் இரவு முழுவதும் கிடை அமர்த்தி, சாணமும் கோமியமும் மண்ணில் சேர, விடிந்ததும் மலையடிவாரத்துக்கு ஓட்டிச் செல்லப்படும் மாடுகள் இவை. பால் குறைவு. பெரும்பாலும் கன்றுக்கே விட்டுவிடுவார்கள். ஆனால் கல்லும் முள்ளும் நிறைந்த சரிவில் ஏறி மேயும் கால் பலமும், காய்ந்த புல்லிலேயே உடல் தேறும் தன்மையும் இவற்றுக்கு உண்டு.

சில மாதங்களுக்கு முன் வருசநாட்டுப் பக்கம் ஒரு தொழுவுக்குச் சென்றிருந்தேன். தொழுக்காரர் எழுபது வயதைக் கடந்தவர். ஒரு காலத்தில் நூறு உருப்படிக்கு மேல் வைத்திருந்தவரிடம் இப்போது நாற்பதுதான் இருக்கிறது. "சார், மலைக்கு ஓட்டாதேங்கிறாங்க. வேற எங்கிட்டுதான் ஓட்டுறது? புல்லு விதைச்சா வரும்னு சொல்றீங்க, நம்ம செவக்காட்டுல வருமா?" என்று கேட்டார். பேசிக்கொண்டே தொழுவைச் சுற்றி வந்தோம். நடுவில் நின்ற நல்ல காரிக் காளையைக் காட்டி, "இதற்குத் தகப்பன் எது, பெரியவரே?" என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்தார். "தாய் அந்தா நிக்குது. தகப்பன் இந்தத் தொழுவுல இருந்த காளையாத்தான் இருக்கணும்" என்றார். அந்தத் தாய்ப் பசுவுக்கு அப்பன் எது என்று கேட்டதற்கும் அதே பதில்தான் வந்தது.

அவர் கேட்டது புல்லைப் பற்றி. நான் கேட்டது வம்சத்தைப் பற்றி. இரண்டும் வெவ்வேறு கேள்விகள் போலத் தோன்றினாலும் உண்மையில் ஒன்றோடொன்று பிணைந்தவை. மேய்ச்சல் குறைந்தால் மாடு விற்கப்படுகிறது. மாடு குறைந்தால் இருக்கிற சில மாடுகளுக்குள்ளேயே இனச்சேர்க்கை நடந்து வம்சம் மெலிகிறது. மெலிந்த மாட்டுக்கு விலை கிடைக்காது. விலை கிடைக்காத மாட்டுக்காக யாரும் நிலத்தை ஒதுக்கிப் புல் விதைக்க மாட்டார்கள். இதை ஒரு முனையில் மட்டும் பிடித்து இழுத்தால் அவிழாது.

காட்டு மேய்ச்சலின் நிலை

ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் வனப்பகுதிகளில் கால்நடை மேய்ச்சலுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு அதே மாதத்தில் அந்தத் தடை தேசியப் பூங்கா, வன உயிரினச் சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் எனத் திருத்தப்பட்டது. திருத்தம் வந்ததில் மற்ற மாவட்டத்தாருக்கு ஆறுதல் உண்டு. நமக்கோ மேயும் மலையில் பெரும்பகுதி காப்பகத்துக்குள்ளேயே அடங்கிவிடுவதால் சிக்கல் தீரவில்லை. இதில் எந்தப் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. காட்டின் நீரூற்றுகள் நமக்கு வேண்டும். தலைமுறை தலைமுறையாக மேய்த்தவர்களின் பிழைப்பும் வேண்டும். அனுமதி கேட்போர் கேட்கட்டும். அதற்கிடையில் மாட்டின் வயிறு காத்திருக்காது என்பதால், சொந்தப் பட்டா நிலத்தில் என்ன செய்யலாம் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கொங்கு நாட்டுக் கொரங்காடு

இதற்கு வழிகாட்ட வெளிநாடு போக வேண்டியதில்லை. காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோயில் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கிளுவை வேலி போட்ட பெரிய பெரிய காடுகள். நடுவில் ஆங்காங்கே வெள்வேல மரம். தரை முழுவதும் கொழுக்கட்டைப் புல். இதைக் கொரங்காடு என்பார்கள். இது புறம்போக்கு அல்ல, தனியார் பட்டா நிலம். மழை குறைந்த அந்தப் பகுதியில் பயிர் ஏறாத நிலத்தையே இவ்வாறு மேய்ச்சலுக்கு விட்டிருக்கிறார்கள். காட்டைப் பல பத்திகளாகத் தடுத்து, ஒன்றில் மாடு மேயும்போது மற்றவை தழைக்கும்படி மாற்றி மாற்றி விடுகிறார்கள். வெள்வேல் நெற்றுகள் உதிரும் காலத்தில் அவையே மாட்டுக்குத் தீவனம்.

காங்கயம் காளையின் புகழுக்கு இந்தப் புல் பாதிக் காரணம். மறு பாதி, காளையைத் தேர்ந்து வைத்த மனிதர்கள். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் காங்கயம் மாட்டைப் பெருங்கூட்டமாக வைத்துப் பல ஆண்டுகள் தேர்ந்தெடுத்து வளர்த்தது கால்நடைத் துறையினர் எல்லாரும் அறிந்த செய்தி. நம் மலைமாட்டுக்காரர்களுக்கு மலையே கொரங்காடாக இருந்ததால், சொந்தமாகப் புல் வளர்க்கும் தேவை எழவில்லை. இப்போது எழுந்திருக்கிறது.

எந்த நிலத்தில் எந்தப் புல்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். புல் என்றாலே கோ.4, கோ.5 கம்பு நேப்பியர் ஒட்டுப் புல்தான் என்று பலர் நினைக்கிறார்கள். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கம் வாய்க்கால் பாசனமோ கிணறோ உள்ளவர்களுக்கு அது நல்ல புல். 10 சென்ட் போட்டால்கூட இரண்டு கறவை மாட்டுக்குப் பெரிய உதவி. ஆனால் ஆண்டிபட்டி, கடமலைக்குண்டு, தேவாரம் பக்கத்து மானாவாரிச் செவல் நிலத்தில் தண்ணீர் இல்லாமல் அது நிற்காது. மேலும் அது மேயவிடும் புல் அல்ல, அறுத்துப் போடும் புல்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கம்பு நேப்பியர் ஒட்டுப் புல்லுக்கு முளைக்கும் விதை கிடையாது. கம்பும் நேப்பியரும் சேர்ந்து பிறந்த மலட்டுப் புல் அது. கரணையாகவோ வேர்ப்பக்கக் கன்றாகவோதான் நட முடியும். "நேப்பியர் விதை" என்று பொட்டலம் விற்பவர் யாராக இருந்தாலும் வாங்காதீர்கள்.

மானாவாரி மேய்ச்சல் தரைக்கு ஏற்றது கொழுக்கட்டைப் புல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட நீலக் கொழுக்கட்டை கோ.1 இதில் நல்ல இரகம். அதனுடன் முயல் மசால் என்னும் பயறு வகைத் தீவனத்தைச் சேர்த்து விதைக்க வேண்டும். புல் மட்டும் இருந்தால் மாட்டுக்கு வயிறு நிறையும், புரதம் போதாது. முயல் மசாலின் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். அது புல்லுக்கும் உதவும். மூன்று வரிசை புல், ஒரு வரிசை முயல் மசால் என்ற கணக்கு நம் நிலத்துக்குப் பொருந்தும். வேலி ஓரத்தில் வேலி மசால், சூபாபுல், கொடுக்காப்புளி, இடையிடையே வெள்வேல் என்று வைத்தால் கோடையில் தழையும் நெற்றும் கிடைக்கும். கிளுவைப் போத்து கிடைக்கும் இடத்தில் அதையே வேலியாக ஊன்றலாம்.

விதைக்கும் முறை

கோடை மழையில் ஒரு முறையும், விதைப்புக்கு முன் ஒரு முறையும் உழுது, மண்ணைப் புழுதியாக்கிக் கொள்ள வேண்டும். ஏக்கருக்கு 2 டன் தொழு உரம் வேண்டும். உங்களிடம்தான் மாடு இருக்கிறதே! விதைக்கப் போகும் நிலத்தில் சித்திரை, வைகாசியில் உங்கள் மாட்டையே கிடை அமர்த்துங்கள். வண்டிக் கூலி மிச்சம். மற்றவர் நிலத்துக்கெல்லாம் கிடை போட்டுவிட்டுத் தன் நிலத்தை மறந்துவிடும் தொழுக்காரர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

பருவம் புரட்டாசிக் கடைசி முதல் ஐப்பசி வரை. வடகிழக்குப் பருவமழையின் முதல் நல்ல மழை கண்டதும் விதைத்துவிட வேண்டும். கொழுக்கட்டைப் புல் விதை ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ. முயல் மசாலைத் தனியாக வரிசையில் விதைத்தால் ஏக்கருக்கு இரண்டரை கிலோ, தூவினால் நான்கு கிலோ. புல்லுடன் கலந்து போடும்போது இதில் பாதி போதும்.

கொழுக்கட்டை விதை பஞ்சு போல் லேசானது. காற்றில் பறக்கும், எறும்பு இழுத்துப் போகும். எனவே ஈர மணலும் பொடித்த சாணமும் கலந்து, கனமாக்கித் தூவ வேண்டும். ஆழமாகப் புதைக்கக் கூடாது. ஒரு விரலின் நகக்கண் அளவு மண் மூடினால் போதும். தூவியபின் முள்கொத்து ஒன்றை மாட்டில் கட்டி இழுத்துவிட்டால் வேண்டிய அளவு மண் மூடிக்கொள்ளும். டிராக்டர் கலப்பையால் மூடச் சொன்னால் பாதி விதை மேலே வராது.

இந்த விதையைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு விவசாயியின் ஒரு ஏக்கரில் மாதிரித் திடல் அமைத்தேன். அப்போதுதான் அறுத்த புத்தம் புதிய விதையாகத் தேடி எடுத்துச் சென்றேன். மழையும் நன்றாகப் பெய்தது. இருபது நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் கோரையும் அருகும்தான் முளைத்திருந்தன. கொழுக்கட்டை விதைக்கு உறக்கக் காலம் உண்டு. அறுத்து ஆறு முதல் எட்டு மாதம் வைத்திருந்த பிறகே நன்றாக முளைக்கும். நெல்லுக்கும் சோளத்துக்கும் பழகிய அவசரத்தில் அதை நான் கவனிக்காமல் விட்டேன். தவறு என்னுடையது, ஓர் ஆண்டு இழப்பு அந்த விவசாயிக்கு. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, ஆனால் மறு ஆண்டு அந்த நிலத்தில் நிலக்கடலை போட்டுவிட்டார். எனவே விதை வாங்கும்போது எந்த மாதம் அறுத்தது என்று கட்டாயம் கேளுங்கள். மாசி, பங்குனிக்குள் அறுத்த விதை ஐப்பசி விதைப்புக்குச் சரியாக இருக்கும்.

முயல் மசால், வேலி மசால் விதைகளின் சிக்கல் வேறு. அவற்றின் தோல் கெட்டி. தண்ணீர் உள்ளே போகாது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, நான்கு நிமிடம் ஆறவிட்டு, அதன்பின் விதையைப் போட வேண்டும். நான்கு ஐந்து நிமிடத்தில் வெந்நீரை வடித்துவிட்டுக் குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் நிழலில் உலர்த்தி விதைக்கலாம். கொதிக்கும் நீரிலேயே போட்டால் விதை வெந்துவிடும். இந்த வெந்நீர் நேர்த்தி பயறு வகைக்கு மட்டுமே. புல் விதையை வெந்நீரில் போட்டுவிடாதீர்கள்.

காட்டை ஒட்டிய நிலக்காரர்களுக்கு ஒரு சொல். விதையைக் காட்டுக்குள்ளும் ஓடைக் கரையிலும் தூவிவிட்டு வந்தால் இலவச மேய்ச்சல் கிடைக்குமே என்று எண்ணக் கூடாது. வெளியிலிருந்து வந்த தீவனப் பயிர்கள் காட்டில் பரவினால் அங்குள்ள இயல்பான புல்லுக்குக் கேடு. உண்ணிச்செடி மலையை மூடியதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம்.

முதல் ஆண்டு பொறுமை

புல் முழங்கால் உயரம் வந்ததும் மாட்டை அவிழ்த்துவிடத் தோன்றும். விடக் கூடாது. முதல் பருவத்தில் 75 நாளுக்குப் பின் அரிவாளால் அறுத்துப் போடலாம். மாட்டின் காலும் வாயும் படக் கூடாது. ஒரு பகுதியையாவது பூத்து விதை உதிரும்வரை விட்டுவைத்தால், இடைவெளிகள் அடுத்த மழையில் தானாகவே நிரம்பும். மேயவிடலாமா என்று அறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஒரு புல் தூரைக் கையால் பற்றி, மாடு கடித்து இழுப்பதுபோல் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். இலை அறுந்து கையோடு வந்தால் விடலாம். வேரோடு வந்தால் இன்னும் நாளாகும்.

எத்தனை மாட்டுக்கு எத்தனை ஏக்கர்? நல்ல பராமரிப்பில் நீலக் கொழுக்கட்டை ஆண்டுக்கு எக்டருக்கு 40 டன் பசும்புல் தரும் என்பது பல்கலைக்கழகக் கணக்கு. நம் சரளை நிலத்துக்கு அதில் பாதி என்று வையுங்கள். அதாவது ஏக்கருக்கு 8 டன். 250 கிலோ எடையுள்ள ஒரு மலைமாட்டுக்கு நாளொன்றுக்கு 20 கிலோ பசும்புல் என்றால் ஆண்டுக்கு 7.3 டன் வேண்டும். ஆக ஏக்கருக்கு ஒரு மாடு. நாற்பது மாட்டுக்கு நாற்பது ஏக்கருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முழு ஆண்டுக்கும் இந்தப் புல்லையே நம்ப வேண்டியதில்லை. அறுவடைத் தாளும், கடலைக் கொடியும், சோளத்தட்டையும், தடை இல்லாத இடங்களின் மேய்ச்சலும் பாதி ஆண்டைப் பார்த்துக்கொண்டால் ஏக்கருக்கு இரண்டு மாடு தாங்கும். அப்படியும் நாற்பது மாட்டுக்கும் போதாது என்றால், அந்தப் புல் எந்த மாட்டுக்கு முதலில் சேர வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். சினைப் பசு, முதல் ஈற்றுக் கிடேரி, பொலிகாளை, வம்சத்துக்கென்று நிறுத்திய கன்று ஆகியவற்றுக்கே முதல் உரிமை. அதைத் தீர்மானிக்கத்தான் வம்சக் கணக்கு தேவைப்படுகிறது.

ஒரே காளை செய்யும் கேடு

ஒரு தொழுவில் 50 பசுக்களும் ஒரு பொலிகாளையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தலை எண்ணினால் 51. ஆனால் அடுத்த தலைமுறைக் கன்றுகள் எல்லாவற்றுக்கும் தகப்பன் ஒன்றே. மரபியல் கணக்கில் இந்தத் தொழு ஏறக்குறைய நான்கு மாடுகள் மட்டுமே கொண்ட தொழுவுக்குச் சமம். கணக்கு எளிது. காளை எண்ணிக்கையையும் பசு எண்ணிக்கையையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, மொத்தத் தலையால் வகுக்க வேண்டும். ஒரு காளைக்கு 200-ஐ 51-ஆல் வகுத்தால் 3.9. அதே 50 பசுவுக்கு நான்கு காளைகள் இருந்தால் 800-ஐ 54-ஆல் வகுக்க, ஏறக்குறைய 15 வரும். மூன்று காளையைக் கூடுதலாக வைத்ததில் தொழுவின் மரபுவளம் ஏறக்குறைய நான்கு மடங்காகிவிட்டது.

இன்னொரு கேடு, காளை நான்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அதே தொழுவில் நிற்பது. நாட்டுக் கிடேரி ஏறத்தாழ மூன்று வயதில் பருவத்துக்கு வரும். அப்போது தகப்பன் காளை அங்கேயே இருந்தால் மகளையே சினைப்படுத்தும். அந்தக் கன்றின் மரபுக் கூறுகளில் நாலில் ஒரு பங்கு இரு பக்கமும் ஒரே மூதாதையிடமிருந்து இரட்டிப்பாக வந்ததாக இருக்கும். மறைந்து கிடந்த குறைகள் அப்போதுதான் வெளிப்படும். கன்று சிறுத்துப் பிறக்கும், சினை பிடிக்கத் தாமதமாகும், நோய்க்குச் சீக்கிரம் பலியாகும். "முன்னெல்லாம் மாடு வாட்டசாட்டமா இருக்கும், இப்ப சூம்பிப்போச்சு" என்று சொல்லிப் புல்லின்மீதே பழியைப் போடுகிறோம். பாதிப் பழி காளைமீது.

இதற்குச் செலவில்லாத வழி உண்டு. பக்கத்து ஊர்களில் உள்ள நான்கு தொழுக்காரர்கள் சேர்ந்துகொள்ளுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை முதல் தொழுவின் காளை இரண்டாம் தொழுவுக்கு, இரண்டாவதன் காளை மூன்றாவதற்கு, மூன்றாவதன் காளை நான்காவதற்கு, நான்காவதன் காளை முதலாவதற்கு என்று ஒரே திசையில் சுற்றிவர மாற்றிக்கொள்ளலாம். பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகே ஒரு வம்சம் திரும்பத் தன் தொழுவுக்கு வரும். மாற்றுமுன் கால்நடை மருத்துவரிடம் காளைக்குக் கருச்சிதைவு நோய்ப் பரிசோதனை செய்துகொள்வது கட்டாயம். பெண் கன்றுகளுக்கு நான்கு முதல் எட்டு மாத வயதுக்குள் அந்நோய்க்கான தடுப்பூசியை ஒரு முறை போட்டுவிட வேண்டும்.

எந்தக் காளை?

பல்லவராயன்பட்டி, அய்யம்பட்டி ஜல்லிக்கட்டு வாடிவாசல்களில் நம் காளைகளைக் காண யாருக்கும் பெருமையாகத்தான் இருக்கும். அந்தக் காளைகளுக்கு நல்ல விலையும் கிடைக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தொழுவில் பிறந்த சிறந்த ஆண் கன்று வாடிவாசலுக்காக விலைபோகிறது. அப்படிப் போன காளைகளில் சிலவற்றை, வேகம் குறைந்துவிடும் என்று பசுவோடு சேரவே விடுவதில்லை. யாரும் வாங்காமல் மிஞ்சிய கன்று தொழுவில் நின்று பொலிகாளையாகிவிடுகிறது. பொறுக்கு விதையைச் சந்தையில் விற்றுவிட்டுப் பதரை விதைக்கிற கதை இது. ஆண்டில் பிறக்கும் நல்ல ஆண் கன்றுகளில் ஒன்றையாவது விற்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காளையை விற்க நேர்ந்தால், குறைந்தது பத்துப் பசுவாவது அதனிடம் சினைப்பட்ட பிறகு விற்கலாமே.

காளையைத் தேர்வு செய்யும்போது நிறத்தையும் கொம்பையும் மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். காரி, மயிலை, செவலை என்பதெல்லாம் நிறம்; நிறம் வம்சமாகிவிடாது. காளையின் தாயைப் பாருங்கள். அது எத்தனை ஈற்று ஈன்றது? ஆண்டு தவறாமல் ஈன்றதா, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறையா? கன்றுகள் தங்கினவா? வறட்சி ஆண்டில் உடல் விட்டுப் போனதா, தாங்கி நின்றதா? பத்து ஈற்று ஈன்று, பல் தேய்ந்த வயதிலும் சரிவில் ஏறும் பசு ஒன்று உங்கள் தொழுவில் இருந்தால், அதன் மகன்தான் உங்கள் காளை. அது நிறத்தில் மங்கலாக இருந்தாலும் சரி.

நோட்டு ஒன்று போடுங்கள்

இதையெல்லாம் ஞாபகத்தில் வைத்திருக்கும் மேய்ப்பர்கள் இன்னும் இருக்கிறார்கள். கம்பத்தில் நந்தகோபாலன் கோயில் என வணங்கப்படும் தம்பிரான் மாட்டுத் தொழுவில் மாடுகளையே தெய்வமாகப் போற்றிக் காத்துவருவது நீங்கள் அறிந்ததே. வம்சத்தை மதிக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. எழுதிவைக்கும் பழக்கம்தான் இல்லை. இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டில் இராபர்ட் பேக்வெல் என்ற விவசாயி தன் கிடாக்களைப் பிற பண்ணைகளுக்குப் பருவத்துக்கு வாடகைக்கு விட்டு, எந்தக் கிடாவின் குட்டிகள் சிறந்தன என்று பார்த்து, அதைத் திரும்ப வரவழைத்துக்கொண்டார். அவரே தம் புல்வெளிக்கு வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சிப் புல் வளர்த்தவரும்கூட. அந்நாட்டில் ஷார்ட்ஹார்ன் மாடுகளுக்கு 1822-லேயே வம்சப் பதிவேடு அச்சாகிவிட்டது.

நமக்கு அவ்வளவு பெரிய ஏடு வேண்டாம். பள்ளிப் பிள்ளையின் 200 பக்க நோட்டு போதும். ஒவ்வொரு பசுவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நீங்கள் அழைக்கும் பெயர், காதில் போட்டிருக்கும் 12 இலக்க வில்லையின் எண், தாய், தகப்பன், பிறந்த மாதம், வாங்கியதானால் எந்த ஊர்த் தொழுவிலிருந்து என்பது மேலே. கீழே ஒவ்வோர் ஈற்றுக்கும் ஒரு வரி: தேதி, ஆணா பெண்ணா, கன்று யாரிடம் போனது. தொழுவில் பல காளைகள் இருந்து தகப்பன் எது என்று தெரியாவிட்டால், ஈன்ற தேதியிலிருந்து ஒன்பது மாதம் பத்து நாள் பின்னோக்கி எண்ணி, அப்போது தொழுவில் எந்தக் காளைகள் இருந்தன என்று எழுதினால் போதும். பள்ளி செல்லும் பேரப்பிள்ளையிடம் இந்த வேலையை ஒப்படைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். மேய்க்கும் பெரியவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். அவர் இருக்கும்போதே எழுத வேண்டும்.

இந்தக் கணக்கால் வேறு பயனும் உண்டு. காங்கயம், உம்பளச்சேரி, பர்கூர், புளிக்குளம் ஆகியவை கர்னாலில் உள்ள தேசியக் கால்நடை மரபுவளப் பணியகத்தில் பதிவு பெற்ற நம் மாநில மாட்டினங்கள். இவற்றில் புளிக்குளம் நம் தேனி மாவட்டத்திலும் கிடை மாடாக வளர்க்கப்படுவது. அதற்கென்று மானாமதுரையில் ஆராய்ச்சி நிலையமும் உண்டு. நம் தொழுக்காரர்களோ மலைமாட்டையும் புளிக்குளத்தையும் தனித்தனியே பிரித்துச் சொல்கிறார்கள். அந்தப் பிரிவு சொல்லளவில் நின்றால் போதாது; எந்தத் தொழுவில் எது, எத்தனை தலைமுறையாக என்று காட்ட வேண்டும். 2024 அக்டோபரில் தொடங்கிய 21-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு இனவாரியாக நடத்தப்பட்டது. கணக்கெடுக்க வருபவரிடம் "நாட்டு மாடு" என்று மட்டும் சொன்னால், இனம் தெரியாத மாடு என்ற பத்தியில்தான் அது சேரும்.

கொழுக்கட்டை, முயல் மசால், வேலி மசால் விதைகளுக்குக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தீவனப்பயிர்த் துறைக்குப் புரட்டாசிக்கு வெகுமுன்னரே எழுதிக் கேட்டுவைக்க வேண்டும்; மழை வந்தபின் கேட்டால் கிடைப்பது அரிது. காமாட்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும், தேனி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலும் ஆலோசனை பெறலாம். போகும்போது அந்த நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.